பஞ்சில் நனைத்த பால்

ஆர்.கே.புரம், புது தில்லி
பிப்ரவரி 1981

அன்புள்ள ஆராயி அக்காவுக்கு,

உன் தங்கை பவுனு எழுதுவது. நீயும் மாமாவும் உன் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். பாப்பாவைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை.

நான் வேலை செய்யும் விஜயலக்ஷ்மி அம்மா வீட்டில் முயல் குட்டி போட்டிருக்கிறது. தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை செய்து, கண் திறக்காத குட்டிகளை அதில் போட்டுவிட்டு, பெட்டியின் மறு மூலைக்குப் போய்விட்டது. "என்ன தாய் இது, பெத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே!" என்று அம்மா அழுதே விட்டார்கள். மதியம் என்னை உட்கார வைத்தார்கள். பசும்பாலைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு குட்டியின் வாயிலும் வைத்தேன். அந்த நேரத்தில்தான் பாப்பா பசித்து அழுவாள். என் ரவிக்கை நனைந்துவிட்டது. அம்மா பார்த்தார்கள். "புடவையை மாத்திண்டு வா, குட்டிக்கு ஈரம் ஆகாது" என்றார்கள்.

பாப்பாவை அங்கே கொண்டுவரக் கூடாது என்பது முதல் நாளே பேச்சு. பக்கத்துக் குடிசை அம்சவேணிதான் பார்த்துக்கொள்கிறாள். கடைப் பாலில் தண்ணீர் கலந்து தருகிறாள்; அவளும் என்ன செய்வாள்? வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பாப்பாவின் தொடையெல்லாம் சுருங்கிவிட்டது.

ஐயா கால்நடை மருத்துவரிடம் கேட்டு வந்தார். முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்குமாம். பால் அவ்வளவு கெட்டியாம். கூடவே இருந்தால் வாசனைக்குப் பூனை வந்துவிடும் என்றுதான் விலகி இருக்குமாம். மனுஷப் பால் நீர்த்தது, அதனால் நம் பிள்ளைகள் அடிக்கடி குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதையும் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நல்ல சமயம் என்று, மதியம் ஒரு நடை குடிசைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"முயல் ஒரு வேளைதானே கொடுக்கறது? குட்டி வளரலையா? எல்லாம் பழக்கம்தான்டி" என்று சிரித்தார்கள்.

"முயல் பால் கொடுத்துட்டு யார் வீட்டுப் பாத்திரமும் தேய்க்கப் போறதில்லைம்மா" என்றேன். வாய் நீளம் என்று அன்றைக்குக் காப்பி கிடையாது.

வேலையை விட்டுவிடு என்பாய். அவருக்கு விளையாட்டு அரங்கம் கட்டுகிற இடத்தில் வேலை. இன்று உண்டு, நாளை இல்லை. உலகமே வந்து பார்க்கப் போகிற அரங்கமாம். கட்டுகிறவன் பிள்ளையைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்போதெல்லாம் சாயந்திரம் மடியில் போட்டால் பாப்பா இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கும் பால் குறைந்துவிட்டது. அவர் அசந்து தூங்கிவிடுகிறார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரும் வாரம் இங்கே இருக்கும் நம்மூர் வேலம்மாள் ஊருக்கு வருகிறாள். அவளும் கைக்குழந்தைக்காரி, வழியில் தன் பாலைக் கொடுத்துக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாப்பாவை அவளோடு அனுப்புகிறேன். மறுக்காதே அக்கா. உன் பிள்ளைக்கு ஒரு பக்கம், என் பிள்ளைக்கு ஒரு பக்கம் கொடு.

முயலாவது நாளுக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது. நான் எப்போது வருவேனோ தெரியாது. அதற்குள் அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டால், திருத்தாதே.

உன் மார் வற்றாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
பவுனு