வடித்துக் கொட்டச் சொன்ன தண்ணீர்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் பிரிட்ஜைத் திறந்ததும் அந்தப் புகை வாசனை மூஞ்சியில் அடித்தது. பாண்டிச்சேரி ஓட்டலில் உன்னோடு அடுப்படியில் நின்ற அந்தோணி, போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வந்தவர், பழைய வழக்கத்தை விடாமல் புகைபோட்ட பன்றிக்கறி சாசேஜ் ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பாதி தீர்ந்தது, பாதி கிடக்கிறது. நாளைக்கு விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் நாற்பது நாளைக்கு நம் வீட்டில் கறி கிடையாது. இன்றைக்குள் தீர்த்தாக வேண்டும். தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம், கை வரவில்லை. அந்தக் கையைப் பழக்கி வைத்தவன் நீ. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன் மேல் இருக்கிற கோபம் ஒரு பிடி கூடக் குறையவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ நன்றாக இருந்த காலத்தில் உன் திருப்பாதிரிப்புலியூர் வாடகை வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் இங்கே பஸ் ஏறி வருவாய். மஞ்சள் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய சாசேஜ் இருக்கும். உடைத்த பாக்கெட்டை மறுநாள் விருந்தாளிகளுக்கு வைக்கக்கூடாது என்பது உங்கள் ஓட்டல் சட்டம், அது உங்களுக்குள் பங்காகும். "மிஞ்சினதுக்குத்தான் பாப்பா ருசி ஜாஸ்தி" என்றபடி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போய்விடுவாய். எண்ணெயே ஊற்றவிட மாட்டாய். மெல்லிசாக நறுக்கி வெறும் சட்டியில் போட்டால் அதுவே நெய் விடும், அதில் சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பழைய சோற்றோடு பிரட்டுவாய். முதல்நாள் புரோட்டா மீந்திருந்தால் அதைக் கொத்திச் சேர்ப்பாய். மறுநாள் மிச்சமிருந்தால் முட்டைகோஸ் பொரியலில் போகும். கடைசி நாலு துண்டு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் விழும். அந்தக் குழம்புக்கு என் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். நீ சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துச் சிரிப்பாய்.

பிறகு உனக்குக் கிட்னி கெட்டது. வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கே வந்தாய். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவனுக்கு வேறு போக்கிடம் ஏது? உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எதுவும் கூடாது, காய்களைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தரவேண்டும் என்றார் டாக்டர். நானும் கிளிப்பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு வந்தேன். அப்போதும் அந்தோணி பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார். நீ அதை ஏக்கமாகப் பார்ப்பாய். பார்க்கச் சகிக்காமல், காய்க்குச் சொன்னது கறிக்கும் ஆகும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். மூன்று தண்ணீரில் வேகவைத்தால் உப்பெல்லாம் போய்விடும், இரண்டு துண்டு தின்றால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் புத்தி. அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

ஆனால் வடிக்கிற வேலையை நீ ஏன் வாங்கிக்கொண்டாய்? எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும். "நீ கௌம்பு பாப்பா, நான் வடிச்சு முருங்கை வேருல ஊத்திடுறேன்" என்பாய். நம்பிக்கொண்டு கிளம்புவேன். வருஷக்கணக்காய் உப்புத்தண்ணீர் ஊற்றினால் எந்த முருங்கையாவது அப்படித் தழைக்குமா? வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். ஒருநாள் கூட அது என் மண்டையில் ஏறவில்லை.

உப்பில்லாத கஞ்சியை நீ முகம் சுளிக்காமல் குடித்தாய். அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனேன். ஆசுபத்திரியில் மற்ற நோயாளிகளிடம், எங்கள் அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாமியார் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் இதே மாதிரி விபூதிப் புதனுக்கு முந்தின நாள். தவக்காலம் வருகிறதென்று இருந்த சாசேஜை எல்லாம் தீர்த்தோம். மறுநாள் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றாய், கண்ணைத் திறக்க முடியாமல் முகம் வீங்கியிருந்தது. பத்து மணிக்கெல்லாம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. உன்னை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பால் இருக்கிறதா என்று பிரிட்ஜைத் திறந்தால் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். முக்கால்வாசி பழுப்புத் தண்ணீர், மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது. மோந்து பார்த்ததும் புரிந்துவிட்டது, முருங்கைக்குப் போகாத சாசேஜ் தண்ணீர். உன் கஞ்சிக்குத் தினமும் சேர்ந்தது அதுதான்.

அந்தக் கோபத்தோடேதான் ஆசுபத்திரிக்குத் திரும்பினேன். நோயாளி என்றுகூடப் பார்க்காமல், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ருசியெல்லாம் தண்ணியிலதான் பாப்பா எறங்கும். அத்தக் கொட்டிட்டு சக்கையத் தின்னச் சொல்ற."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதனால் எழுந்து வராண்டாவுக்குப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் ருசியாகப் போட்டவனுக்கு வெறும் கஞ்சி எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஆறவில்லை. உன் நாக்குக்கு நீ செய்த மரியாதையில் கால்பங்கு எனக்குச் செய்திருக்கலாம்.

அந்த முருங்கையும் இந்த மார்கழிப் புயலில் விழுந்துவிட்டது.

இன்றைக்கு மிச்ச சாசேஜைக் கத்தரிக்காய்க் குழம்பில்தான் போட்டேன். முதலில் வேகவைத்து வடித்தேன். பழக்கதோஷம். கொட்டப் போனவள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி உப்பு, அதற்குள் அத்தனை ருசி. அடுப்படியில் நின்றே அழுதேன், உன்னைத் திட்டிக்கொண்டே. நீ என் வீட்டில் இருந்த இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் உன் கஞ்சியில் ஒரு ஸ்பூன் எடுத்து நான் வாயில் வைத்திருந்தால் நீ மாட்டிக்கொண்டிருப்பாய். வைக்கவில்லையே. உப்பில்லாத கஞ்சியை யார் ருசி பார்ப்பார்கள்? அது எவ்வளவு பாதுகாப்பான ஒளிவிடம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உன் மச்சானுக்கும் பிரஷர் வந்திருக்கிறது. அவர் தட்டில் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்க்காமல் நான் விடுவதில்லை. மோர், ரசம், தண்ணீர்ச் சொம்பு எதுவும் தப்பாது. "சந்தேகப் பிராணி" என்கிறார். பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன் கஞ்சியில் விடாத ஸ்பூனைத்தான் நான் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.