எவ்வகையிலும் மடங்கும் வால்வு

நாள் 1, 09:10
நிலாவின் தென்முனை நிலையம். எழுதுவது ஆவுடையப்பன், காற்றுப் பொறியாளர். இங்கே நான் ஒருவன்தான். இதைக் கண்டெடுப்பவர் குழம்பாதிருக்க, சொல்லப்போவது:
1. காற்று வால்வு விரிசல் விட்டிருக்கிறது.
2. அது கம்பெனியின் காப்புரிமை வடிவம். பாகங்களை அச்சிட்டுத் தரும் இயந்திரம் இன்னொன்று செய்து தர மறுக்கிறது.
3. நானே புது வடிவம் கண்டு என் பெயரில் உரிமை எடுத்தால், எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.
மூன்றாவதில் கொஞ்சம் சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான்.

நாள் 3, 16:40
கம்பெனி வால்வு திருகி மூடும். என்னுடையது மடங்கி மூடுகிறது. கசிவு இல்லை. நம்பாமல் மறுபடி மறுபடி சோதித்தேன்.
இயந்திரம் கேட்டது: "புதிய வடிவம். உரிமை கோருகிறீர்களா?"
கோராவிட்டால் கம்பெனி லேசாக மாற்றித் தனதாக்கிக்கொள்ளும். ஆகவே உரிமை வாசகத்தில் 'எவ்வகையிலும்' என்று ஒரு சொல் கூட்டினேன்: "எவ்வகையிலும் மடங்கும் வால்வு." கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாள் 5, 11:05
அடுத்த பள்ளத்தில் தனியாகத் துளையிடும் ஜெசிந்தா அழைத்தார். தூத்துக்குடிக்காரர். அவர் வால்விலும் அதே விரிசல்.
"அண்ணாச்சி, உங்க வால்வக் கேட்டா, உரிமைக்காரர் சம்மதம் வேணுங்குது இந்த மெஷின்."
"சம்மதம் அப்பவே அனுப்பிட்டேனேம்மா."
"வந்துட்டு. பூமி ஆபீஸ்ல சரிபாக்கணுமாம், வரிசையில நிக்கி. நான் போன பொறவு சர்டிபிகேட் வரும். பிரேம் போட்டு மாட்டிக்கோங்க."
சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

நாள் 5, 14:20
வேறு மாதிரி வரையச் சொன்னேன். வரைந்தார். எல்லாவற்றையும் இயந்திரம் மறுத்துவிட்டது. திருகினால் கம்பெனியுடையது, மடக்கினால் என்னுடையது. கம்பெனி வாசகத்தில் எனக்கு ஓர் இடுக்கு இருந்தது. என் வாசகத்தில் அவருக்கு இல்லை. அந்த ஒரு சொல்.

நாள் 6, 07:30
எனக்கு மட்டும் இயந்திரம் செய்து தரும். ஒன்று எடுத்துக்கொண்டேன். வண்டியில் அவரிடம் போவதற்கு மட்டும் மின்சாரம் இருக்கிறது. திரும்ப இல்லை.
"அண்ணாச்சி, உங்களுக்கு வேகமா ஓட்ட வருமா?"
வராது. வரும் என்றேன்.

நாள் 6, வண்டியில்
அவர் நிலைய விளக்கு தெரிகிறது. கூப்பிட்டேன். குரல் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.
பதில் வந்தது, அவரிடமிருந்து அல்ல. அவருடைய இயந்திரம்: "உரிமைக்காரரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன்."
சம்மதம். சம்மதம். எத்தனை தடவை
கதவு தெரிகிறது. வால்வு என் மடியில்.
முதல் நாள் பட்டியலில் 3 என்று எழுதியது தவறு.