பாதி வழியில் திரும்பிய கை

மார்ச் 4

ஊர் சொல்வது போல் நான் என் கணவருடைய குத்துச்சண்டைக் கையுறைகளை எரிக்கவில்லை. எரித்தது பூஞ்சை பிடித்த ஒரு ஜோடி காலணியை. குத்துச்சண்டைச் சங்கத்தின் ஆண்டு மலர் அச்சாகிறதாம். மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மாமா ஹெவிவெயிட்ல எங்கயோ போயிருக்க வேண்டிய ஆளு, சம்சாரம்தான் விடலன்னு எழுதியிருக்காங்க அத்தை." அவருடைய கைக்கட்டுத் துணிகளைத் துவைத்துச் சுருட்டி வைத்தவள் நான். விடவில்லையாம்!

மார்ச் 5

மதியம் கண்ணயர்ந்தேன். அவர் கூடத்தைக் கடந்து போனார். அத்தனை பெரிய உடம்பு, தரை அதிரவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், மேகம் நடப்பது போல.

மார்ச் 7

கடைசிப் போட்டியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதிராளியின் தாடை காப்பில்லாமல் திறந்து கிடந்தது பின்வரிசையிலிருந்த எனக்கே தெரிந்தது. இவருடைய வலக்கை புறப்பட்டது — தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கப் போவது போல. தொட்டது, திரும்பிவிட்டது. ஏன் என்று வீட்டில் கேட்டேன். "தெரியலம்மா, கை நான் சொல்றத கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

அன்று கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்தாரோ? ஊர் சொல்வது சரியோ?

மார்ச் 8

மழை.

மார்ச் 10

மருந்துக்கடைக்காரரை வரச் சொன்னேன். இளவயதில் இவரோடு தினமும் பயிற்சிச் சண்டை போட்டவர். இவர் தோளுக்குக்கூட எட்டாத ஆள்.

"உங்க மேலயா பழி போடறாங்க அண்ணி? என் மேல போட வேண்டியது."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அண்ணன் எடைக்கு இங்க இன்னொருத்தன் கெடையாது. கோச் எங்கள மாதிரி சுண்டெலிங்களப் புடிச்சு எதிர்ல நிறுத்தினாரு. முழுசா அடிச்சிருந்தா நான் இப்ப உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருப்பேனா? படறதுக்குள்ள கைய இழுத்துக்குவாரு. வருஷக்கணக்கா அதே பழக்கம். மேடை ஏறினா மட்டும் எப்படி மாறும்?"

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"அண்ணன்கிட்ட சொன்னேனே. இனி வரலன்னேன். 'நீயும் வரலன்னா நான் யாரோட ஆடறது, வாடா'ன்னாரு."

சன்னல் திரை ஊதி எழுந்து அடங்கியது. பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மார்ச் 11

கண்ணாடிக் குவளையை எடுப்பது போலத்தான் இவர் என் தோளைத் தொடுவார். சுபாவம் என்றிருந்தேன். அதுவும் பயிற்சிதானா? இருக்கட்டும். எனக்கு அது போதுமாயிருந்தது.

மார்ச் 13

மலரின் அச்சுப்படியை வரவழைத்தேன். என்னைப் பற்றிய வரியை அடிக்கச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எதிர்ப்பக்கத்தில் படம்: பயிற்சிக்கூடத்தில் இவர் மட்டும். ஓரத்தில் யாருடையதோ முழங்கை. தினமும் எதிரில் நின்ற மருந்துக்கடைக்காரரை வெட்டிவிட்டார்கள்!

சங்கச் செயலாளருக்கு எழுதியது:

"ஐயா, என்னைப் பற்றிய வரி தவறு. அதைத் திருத்த நேரமில்லையென்றால் அப்படியே விடுங்கள், தாங்கிக்கொள்வேன். படத்தை மட்டும் வெட்டாமல் போடுங்கள். என் கணவர் அடிக்காமல் காத்த மனிதர் அதில் நிற்கிறார். முழுப் படமும் வருமா, வராதா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."