பின்சுவர்க் கீல்கள்

மச்சி,

நந்தனம் மைதானத்தில் இன்று காலை கருவிப்பெட்டியைக் கவிழ்த்தபோது உன் கையெழுத்து வெளியே விழுந்தது. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, மேலே மார்க்கரில் ‘பின்சுவர்’. உள்ளே மூன்று இரும்புக் கீல்களும் அவற்றின் ஸ்க்ரூக்களும். கழற்றிய கையோடு பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்ததென்று எழுதிவிடுவாய். “அப்புறம் தேடினு நிக்காத” என்பாய்.

நீ போன பிறகு கண்காட்சிகளில் ஸ்டால் போட வந்திருக்கும் மேதைகளை நீ பார்க்கவில்லை. முதலில் கார்ப்பெட்டை விரிக்கிறார்கள். பிறகுதான் ஒயர் ஓட வேண்டும் என்ற ஞானம் பிறக்கிறது, விரித்ததை அறுக்கிறார்கள். அவர்கள் வரைபடத்தில் ஹாலின் தூண் இருப்பதில்லை, ஹாலில் இருக்கிறது. கடைசி நாள் ஆறு மணி வரை என்று போட்டிருந்தால் நாலு மணிக்கே பேனரைக் கிழிக்கிறார்கள், உள்ளே ஆள் நிற்கும்போதே. முதலில் கரண்டை நிறுத்து, அடுத்து விளக்கு, அப்புறம் போர்டு, கடைசியில்தான் சுவர் என்று சொன்னால் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் “ஓகே சார்” என்கிறார்கள்.

ஆனாலும் என் இளக்காரத்தில் பெரும் பங்கு உனக்குத்தான் கிடைத்தது.

தி. நகர் புடவைக்கடை அண்ணாச்சியை மறந்திருக்க மாட்டாய். நமக்குக் கிடைத்தது கடைசி வரிசை. மேற்கே ஜனங்கள் நடக்கும் பாதை, கிழக்கே கழிப்பறைக்குப் போகும் சந்து. “நம்ம கடை கிழக்கு பாத்த கடை. இங்கயும் வாசல் கிழக்கதான் இருக்கணும்” என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் நீ “சரிங்க அண்ணாச்சி” என்றாய். சந்தைப் பார்த்து வாசல் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். அன்று பட்டுப்புடவை பார்த்தவர்கள் எல்லாம் அவசரமாகப் போனவர்கள். கூட்டம் முழுக்க நம் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது.

சாயங்காலம் கார்பெண்டர், எலக்ட்ரீஷியன் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டேன்: “முதுகெலும்பு இல்லாதவன்லாம் இன்னாத்துக்கு இந்தத் தொழிலுக்கு வர்றான்?” நீ டேப் சுருளை இடுப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆதம்பாக்கத்துக்குப் பஸ் ஏறப் போய்விட்டாய்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் நீ கேட்டது என் காதில் விழுந்தது. “வாசல் கிழக்கயே இருக்கட்டும் அண்ணாச்சி. பின்னாடி ஒரு ஜன்னல் தொறந்துக்கலாமா?”

முதல் நாள் முழுக்கக் காற்று வாங்கியவர், “ஜன்னல்னா தாராளமா தொறந்துக்கோ” என்றார்.

நீ நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் தள்ளினாய். பின்சுவரில் ஒரு பலகை கதவாகத் திரும்பிப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ‘ஜன்னல்’ தரையிலிருந்து தலைக்கு மேல் வரை இருந்தது. சுவர் நிறுத்தும்போதே கீல் வைத்திருக்கிறாய், எங்களுக்குக்கூடச் சொல்லாமல். அரை மணியில் ஸ்டாலுக்குள் நிற்க இடமில்லை. அண்ணாச்சி தன் யோசனை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“முன்னாடியே சொன்னா வீம்பு பண்ணுவாரு மச்சி. ஒரு நாள் அவரே பாக்கட்டும்னு விட்டேன்” என்றாய். முந்தைய நாள் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாவது பேசியிருக்க வேண்டும். கதவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நான் சொன்னது இதுதான்: “கீல் கோணலா கீது.”

அதற்கப்புறமும் சேர்ந்துதான் வேலை பார்த்தோம். டீ மட்டும் தனித்தனியாகக் குடித்தோம். உன்னை எடுத்துக்கொண்டு போன பிறகு உன் வீட்டு வாசலில் சாமியானா பிரித்தவர்கள் கம்பத்தை யாரும் பிடித்துக்கொள்ளாமலே கயிற்றை அவிழ்த்தார்கள். முட்டாள்களா என்று கத்தினேன்.

இன்றைக்கும் ஒருவர், மயிலாப்பூரிலிருந்து, வெள்ளிச் சாமான் கடை. கூட்டம் வருவது மேற்கே, அவருக்கு வாசல் கிழக்கேதான் வேண்டுமாம். மடையன் என்று மனசு சொன்னது, “சரிங்க சார்” என்றது வாய். பக்கத்தில் நின்ற நம் பழைய கார்பெண்டர், “இன்னாபா, நீயும் தலையாட்ட ஆரம்பிச்சிட்டியா?” என்றான். உன் பையை அவிழ்த்து அதே கீல்களைப் பின்சுவரில் வைத்து முடுக்கினேன். பலகையைத் தள்ளிப் பார்த்தேன், தொட்டதும் திரும்பியது.

கீல் கோணலாக இல்லை, மச்சி. அன்றைக்கும் இல்லை.