பெயர் கழற்றிய ஸ்கூட்டர்

இன்று காலை மகன் உங்கள் ஸ்கூட்டரை உதைத்து எழுப்பினான். வழக்கம்போல் அது உடனே எழும்பவில்லை. இருமி, செருமி, பிறகுதான் பிடித்தது. பெற்றோலும் ஒயிலும் சேர்ந்து எரிகிற மணம் குசினிவரை வந்துவிட்டது. தேங்காய் திருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. உங்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது. நாள் கடத்திக்கொண்டே வந்துவிட்டேன்.

நம்முடைய கலியாண எழுத்துக்கு நீங்கள் வந்த அன்றைக்குத்தான் அந்த வண்டியை முதலில் பார்த்தீர்கள். சீதனப் பேச்சில் உங்கள் பகுதியார் கேட்டது ஒரு வெஸ்பா. புதிது இறக்குமதி இல்லாத காலம். என்னைப் பெற்ற ஐயா புகையிலைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் அப்பால் எதையும் அறியாதவர். கொழும்புக்குப் போய்த் தரகர் ஒருவரைப் பிடித்து, ஆரோ ஓடிக் களைத்த ஒன்றை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்து இறங்கியது சாம்பல் நிறம். "சாம்பல் நிறத்திலையோ சீதனம் குடுக்கிறது?" என்று அம்மா ஒரே பிடி. ஐயா அதைக் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற மனிதரிடம் தள்ளிக்கொண்டு போனார். அவர் குறை வைக்கவில்லை. எலிவாகனத்துக்கும் மயில்வாகனத்துக்கும் பூசுகிறமாதிரியே மூன்று பூச்சு மஞ்சள் பூசி, முன்னாலிருந்த பெயர்த்தகட்டைக் கழற்றி, துளைகளையும் அடைத்து, சந்தனப் பொட்டும் வைத்து அனுப்பியிருந்தார்.

பெயர் போனதுதான் வினையாகிவிட்டது. பதிவுகாரர் பேனாவைத் திறந்துகொண்டு இருக்கிறார். உங்கள் அம்மான், தெற்கே காலி நகரில் சுருட்டுக்கடை வைத்திருந்த மனிதர், எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார், முற்றத்தில் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது வெஸ்பா எண்டு ஆர் சொன்னது? பேரைக் காணேல்லையே?"

"பெயின்ற் அடிக்கேக்கை கழட்டினது," என்றார் ஐயா.

"அப்ப புத்தகத்தைக் காட்டுங்கோவன்."

வண்டியின் பதிவுப் புத்தகம் பெயர் மாற்றுவதற்காகக் கொழும்பிலே கிடந்தது. ஐயா அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை குறைந்துகொண்டு போனது.

"இஞ்சை பாருங்கோ, பேச்சுப் பேச்சாய் இருக்கவேணும். வெஸ்பா இல்லையெண்டால் நாங்கள் எழும்புவம்," என்று அம்மான் சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, "தம்பி, நீதானே கந்தோர்ச் சிநேகிதன்ரை ஸ்கூட்டரிலை ஓடித் திரியிறனி. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

நான் அறை யன்னலுக்குப் பின்னால் கூறைபோல ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். வந்தவர்கள் எழும்பிப் போனால் அந்த ஊரில் எனக்கு இன்னொரு பேச்சு வராது. அது எனக்கும் தெரியும், முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினீர்கள். முன்சில்லைப் பார்த்தீர்கள். பக்கத்து மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தீர்கள். நானும் யன்னலுக்குள்ளால் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியாரிடம் வெஸ்பா இருந்தது. அது நிற்கிற நேரமெல்லாம் அவர் வலதுபக்கப் புடைப்பைத் திறந்துவைத்து எஞ்சினோடு மல்லுக்கட்டுவார். நாங்கள் வகுப்போடு பார்த்துச் சிரிப்போம். இதில் எஞ்சின் நடுவில் கிடந்தது. முன்சில்லையும் இரண்டு பக்கத்தாலும் தண்டு பிடித்திருந்தது. வெஸ்பா ஒரு பக்கத்தால்தான் பிடிக்கும். இது வெஸ்பா இல்லை.

நீங்கள் தலையைத் தூக்கி ஐயாவின் முகத்தை ஒருமுறை பார்த்தீர்கள். மூடியைப் பூட்டினீர்கள். கையைத் துடைத்தீர்கள்.

"வெஸ்பாதான் அம்மான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு மொடல்."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம். எழுத்தை எழுதச் சொல்லுங்கோ."

ஒரு மனிதர் அவ்வளவு நிதானமாகப் பொய் சொல்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாகவும் இருந்தது. இப்படிப் பொய் சொல்லத் தெரிந்தவரோடு எப்படிக் காலந்தள்ளப் போகிறேன் என்று யோசித்தபடியே வந்துதான் கையெழுத்து வைத்தேன்.

கலியாணம் முடிந்து கொழும்புத்துறைச் சின்னம்மா வீட்டு விருந்துக்குப் போகும்போது, பின்னால் இருந்தபடி கேட்டேன்: "இது வெஸ்பா இல்லைத்தானே?" நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"எஞ்சின் நடுவிலை கிடக்குது."

அடக்கமாட்டாமல் சிரித்தீர்கள். "லம்பிரெட்டா," என்றீர்கள். "மாமாவின்ரை முகத்தைப் பாத்தன். வேறை என்னத்தைச் சொல்லுறது? ஆனால் மாமாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். மனுசன் உடைஞ்சுபோவார்." அந்த இடத்தில்தான் என் பயம் போனது.

பிறகு அந்தப் பொய்யை இரண்டு பேருமாக வளர்த்தோம். புத்தகம் வந்ததும் நீங்கள் வேலைபார்த்த கந்தோர் மேசைக்குள் பூட்டினீர்கள். ஐயா வந்து "வெஸ்பா எண்டால் வெஸ்பாதான் மருமோன்" என்று மூடியில் தட்டும்போது, "ஓம் மாமா, குதிரைமாதிரி" என்பீர்கள். ஒருநாள் பட்டினத்துக் கராச்சில் ஐயாவையும் வைத்துக்கொண்டு நிற்க, மெக்கானிக் "லம்பிரெட்டாவுக்கு உந்தக் கேபிள்..." என்று தொடங்க, உங்களுக்கு வந்த இருமல்! தண்ணீர் கொடுக்கும்வரை நிற்கவில்லை. ஐயா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. அதைப்பற்றி உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது.

உங்கள் முப்பத்தோராம்நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போயிருந்தோம். கிரியை முடிந்து எல்லோரும் கேணியில் முழுகப் போய்விட்டார்கள். ஐயா ஈரவேட்டியோடு படியில் இருந்தார். நான் துவாயைக் கொடுத்தேன். அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"பிள்ளை, உந்த லம்பிரெட்டாவை வித்துப்போடாதை."

"என்ன சொன்னனீங்கள் ஐயா?"

"எனக்குத் தெரியும். எழுத்து முடிஞ்ச கிழமையே பெயின்ற் அடிச்சவன் பேர்த்தகட்டைக் கொண்டுவந்து தந்திட்டான். இங்கிலீசு எழுத்து, தபால்கந்தோரிலை காட்டி வாசிப்பிச்சனான். கிணத்துக்குள்ளை போட்டிட்டன்."

"பிறகேன் ஊரெல்லாம் வெஸ்பா வெஸ்பா எண்டு சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"மருமோன் சபையிலை வெஸ்பா எண்டு சொன்னவர். அவரின்ரை சொல்லை நான் பொய்யாக்கலாமோ?" துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஒருக்கால் அவரிட்டைச் சொல்லியிருக்கலாம், பிள்ளை. ஒவ்வொரு முறையும் வாய்வரைக்கும் வந்தது. வெக்கமாய்க் கிடந்தது."

எனக்கு முதலில் வந்தது கோபம். நீங்கள் அவருக்காக நடிக்க, அவர் உங்களுக்காக நடிக்க, நடுவில் நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன். அந்தப் படியிலேயே இருந்து நானும் அழுதேன். உங்களைக் கொண்டுபோன அன்றுகூட அப்படி அழவில்லை.

ஐயா அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளைகளுக்கும் நான் சொல்லவில்லை. அவர் உங்களை எவ்வளவு பெரிய மனிதராக வைத்திருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்து, உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.