வேன் மாமாவும் உன் பைக்கும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லி நாளைக் கடத்தியதில் அவளே ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன், வீட்டுக் குழாய்க்கு ஆகல என்று அந்த ஆளிடமே சொல்லிச் சிரித்தாளாம். அந்தக் குளிரில் நீ ஈரத் தலையோடு வேலைக்கு ஓடுவதாக அம்மாவிடம் சொன்னாய் போலிருக்கிறது, அது வேண்டாம் கண்ணு, பத்து நிமிஷம் முன்னால் எழுந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு பைக்குக்காகவாப்பா வேன் மாமாவை வேலையை விட்டுத் தூக்க வச்சீங்க என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும், அவர் பெண்ணும் நீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் வீட்டில் நடந்ததை அவள் சொல்கிறாள். என் பக்கத்தில் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா.

அன்றைக்கு மருந்துக்கடை சந்துக்குள் இருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்று கதவைத் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. நீ இங்கே விட்டுப் போன உன் பைக்கை எதிர்ச் சுவரை ஒட்டி, எப்போதும் போல யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், சைடு லாக் போட்டு நிறுத்திவிட்டு மேலே மோட்டார் ரூமில் கையெல்லாம் கிரீஸோடு இருந்தேன். கீழேயிருந்து இரும்பை இழுக்கிற சத்தம், அதோடு பழக்கடை அம்மா நிறுத்து நிறுத்து என்று கத்துகிற சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு வேன் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, பைக் அதன் அடியில் மாட்டிக்கொண்டு கூடவே போகிறது. இடித்ததும் நிறுத்தியிருந்தால் கண்ணாடியோடு போயிருக்கும். அவர் நிறுத்தவில்லை, அந்த அம்மா வேனின் பக்கவாட்டில் தட்டின பிறகுதான் நின்றார். நான் படியில் விழுந்தடித்து இறங்கி வந்து பார்த்தபோது ஹெட்லைட் தூளாகி, ஹேண்டில் ஒரு பக்கமாகத் திருகி, டேங்க்கில் கை வைத்தால் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். நீ மழை பெய்தால் உன் ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்துவாயே, அந்த வண்டி. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது, யாராக இருந்தாலும் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறந்து இறங்கியது வேன் மாமா.

அவரை நான் எப்படித் திட்டுவது. உன்னை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஸ்கூல் வேனில் கொண்டு போய் விட்ட மனுஷன், ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் என்று வேனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தவர். கூடிய கூட்டத்தில் ஒருவன் போலீஸைக் கூப்பிடுங்க என்றான், இன்னொருவன் செல்லில் படம் எடுத்தான். நான்தான், தெரிஞ்சவர்தான், நாங்க பாத்துக்கிறோம் என்று எல்லாரையும் அனுப்பினேன். வெயில் கண்ணாடியில பட்டுக் கண்ணைக் கூசிடுச்சு, மெக்கானிக்கை நானே கூட்டிட்டு வரேன், உங்க கையை ஒண்ணுக்கும் எதிர்பார்க்க மாட்டேன் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். என் கோபம் அங்கேயே முடிந்துவிட்டது கண்ணு, இதை நீ நம்ப வேண்டும்.

சொன்னபடியே சாயந்திரம் மெக்கானிக்கோடு வந்தார். அவன் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இவர் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா டீ கொண்டுவந்து அவருக்கு இடது பக்கமாக நீட்டினாள். அவர் என்னோடு பேசிக்கொண்டே இருக்கிறார், டம்ளர் மூக்குக்கு நேரே நிற்கிறது, வாங்கவில்லை. எடுத்துக்குங்கண்ணே என்று அம்மா சொன்னதும் சட்டென்று திரும்பினார், கை பட்டு டீ முழுக்க அவர் சட்டையில். அப்போது நாங்கள் சிரித்து மழுப்பிவிட்டோம். அவர் போன பிறகு அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, அவருக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு தெரியலங்க என்றாள். வேனில் பிள்ளைகள் ஏறுகிற கதவு எந்தப் பக்கம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அம்மா துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். முதலில் இல்லவே இல்லை என்றார். பிறகு சர்க்கரையால் வந்தது, இடது கண் புகை போட்ட மாதிரி இருக்கிறது, டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் சொன்னார் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் தம்பி, இந்த ரூட்டு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டாலும் வரும், உங்க வண்டி புதுசா அங்க நின்னுது, அதான் என்றார். ஸ்கூலில் சொல்லிவிடுங்கள், வேறு வேலை கேட்போம், நானும் கூட வருகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்த படுக்கையா பொண்டாட்டி, பொண்ணுக்கு இன்னும் ஒரு நிலையான வேலை அமையல, இந்தச் சாவியைக் கொடுத்துட்டா நான் யாரு என்று கேட்டார். கடைசியில் அவரே, ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க என்றார். வீட்டில் அம்மா, போகாதீங்க, போனா ஏதாவது ஒண்ணு உங்க கண்ணுல படும், அப்புறம் சும்மா இருக்க முடியாது என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது.

ஒரு காலையில் லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் ஓட்டினதில் ஒரு குறை சொல்ல முடியாது. பள்ளம் வரும் முன்பே பிரேக், திருப்பத்தில் பிள்ளைகள் சாயாமல் அப்படி ஒரு நிதானம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குரலைக் கேட்டே யார் ஏறியது என்று சொல்கிறார், நேத்து ஏன் வரல, மூக்கைத் துடை, தம்பிக்கு இடம் விடு என்று பேச்சும் நடக்கிறது. நானே மனதுக்குள், பேசாமல் இறங்கிப் போய்விடலாம், இவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். தபால் நிலையத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இரட்டைப் பெண் குழந்தைகள். ஒன்று வாயாடி, இரண்டு பேருக்கும் சேர்த்து அதுவே பேசும். அது ஏறி, மாமா நாங்க வந்துட்டோம் என்றது. இவர் கியரைப் போட்டார். நான் ஏதோ தோன்றி என் பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து பார்த்தேன். இன்னொரு குழந்தை முன் சக்கரத்துக்கு அருகே குந்தி, உருண்டு போன தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்துங்க என்று நான் கத்தின கத்தலில் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் அமைதியாகிவிட்டன. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, பாட்டிலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அங்கேயிருந்து பள்ளி வரைக்கும் நடக்கிற வேகத்தில் ஓட்டினார், பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன, அவர் காதில் வாங்கவே இல்லை. பிள்ளைகள் இறங்கிப் போன பிறகும் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். ரெண்டும் ஏறிடுச்சுன்னுதான் நினைச்சேன் தம்பி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, நீங்களே உள்ள போய் சொல்லிடுங்க, என் வாயால வராது என்றார். நான் மாட்டேன் என்றேன். அது கல்நெஞ்சமா என்று தெரியவில்லை, ஆனால் நான் போய்ச் சொன்னால் அவரைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகும், அவர் சொன்னால் அவராக விட்டதாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. ரொம்ப நேரம் கழித்து அவரே இறங்கிப் போனார். ஸ்கூல் ஆபீஸில் வேன்களைப் பார்த்துக்கொள்கிற மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார், பைக்கையும் சொன்னார், அந்தக் குழந்தையையும் சொன்னார். அந்த மேடம் சாவிக்குக் கையை நீட்டினாள். வேன் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன, அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், போய் உதவவும் துணிச்சல் வரவில்லை. ஸ்கூல் கேட்டில் வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் கூப்பிடவில்லை. நான் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன்.

அதிலிருந்து தெருவில் என் பெயர் இதுதான், டேங்க்கில் பள்ளம் விழுந்ததற்கு ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்தவன். டீக்கடைக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. கண் விஷயம் எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு கண்ணோட எத்தனையோ பேர் ஓட்டலையா என்கிறார்கள். அந்தச் சக்கரத்தை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. அம்மா அவர் மனைவிக்குத் தலைவாரிவிட வாரம் தவறாமல் போவாளே, இப்போது போனால் தூங்குறாங்க என்று அவர் பெண் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறாள். அம்மா என்னைக் குற்றம் சொல்வதில்லை, ஆனால் சீப்பை மறுபடி அலமாரியில் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கும் சில சமயம் சந்தேகம் வருகிறது, பைக் அடிபடாமல் வேறு எப்படியோ இது தெரிய வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பேனா என்று. போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியவில்லை.

முந்தாநாள் அவரே வாசலில் வந்து நின்றார். மிச்சமிருக்கிற கண்ணுக்கு ஊசி போடணும், துணைக்கு ஆள் இல்லாம உள்ள விட மாட்டாங்களாம், பொண்ணுக்கு லீவு கிடைக்கல என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். உன் பைக்கில்தான் போனோம். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைக் காட்டி அவரிடம், இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரே தெரு என்றார். ஊசி போட்டு வந்த பிறகு டாக்டர், இடது கண் இனிமேல் திரும்பாது, வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், நல்லவேளை இப்பவாவது வந்தீங்க என்றார். திரும்பும்போது தெரு முனையிலேயே இறக்கிவிடச் சொன்னார், என்னோடு வந்து இறங்குவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். கண்ணில் கட்டோடு, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போகவில்லை. அவர் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் இஞ்சினை அணைத்துவிட்டு முனையிலேயே நின்றேன். அடுத்த ஊசிக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவுதான் கண்ணு. நீ என் பக்கம் பேச வேண்டும் என்று இதை எழுதவில்லை, உன் சிநேகிதியோடு இதற்காகச் சண்டை போட்டுவிடாதே, அவளுக்கு இப்போது நீ வேண்டும். முடிந்தால் மாமாவுக்கு ஒரு போன் பண்ணு. என் பேச்சை எடுக்காதே, உன் வேலையைப் பற்றி, அங்கே பெய்கிற பனியைப் பற்றி ஏதாவது சொல்லு, உன் குரலைக் கேட்டால் அவருக்குத் தெம்பாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டிவிட்டு வெளியே போ. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் துணை கிடைக்கட்டும். அம்மா தனியாக எழுதுவதாகச் சொல்கிறாள், எழுத மாட்டாள், அவள் முத்தத்தையும் இதோடு வைத்துக்கொள்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அப்பா