எல்லாவற்றுக்கும் ஒன்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் கால் வீக்கம் குறைந்ததா? நின்றுகொண்டே வேலை செய்யாதே.

போன மாதம் நான் உனக்கு எழுதியது மூன்றே வரி. பிரசவத்துக்கு வர இயலாது, கட்டாயப்படுத்த வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள். அதன் பிறகு நீ தொலைபேசியில் கூப்பிடவில்லை. அதற்கு முன் கூப்பிட்டபோதும் நான் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டேன். உன் கோபம் நியாயம். காரணத்தை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

உன் வீட்டிலிருந்து நான் கிளம்பியபோது எனக்குச் சளி. "இந்தச் சளியோட விமானம் ஏறாதேம்மா, ஒரு வாரம் தள்ளிப் போ" என்றாய். குறித்த தேதி குறித்த தேதிதான் என்றேன். விமானம் இறங்கும்போது இரண்டு காதிலும் ஊசி ஏற்றியதுபோல் வலி. பக்கத்து இருக்கைக்காரர் என்ன என்று கேட்டதற்கு, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சொல்லிவிட்டேன்.

வலி மறுநாள் போயிற்று. அடைப்பு போகவில்லை. தலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் யாரோ காகிதம் கசக்கினார்கள். தொலைபேசியில் உன் குரலும் எங்கோ தூரத்தில்தான் கேட்டது. மறுபடி சொல் என்று கேட்க மனம் வரவில்லை. கேட்டால், நான் அப்போதே சொன்னேனே என்பாய். இந்தக் காதோடு மறுபடி விமானம் ஏறப் பயந்துதான் வர இயலாது என்று எழுதினேன்.

கண்டுபிடித்தவள் உன் அத்தை. அவள் முன்னறையில் தையல் மெஷினை ஓட்டுவதும், நான் சுவரைத் தட்டி நிறுத்தச் சொல்வதும் இருபது வருட வழக்கம். இரண்டு மாதமாக நான் தட்டவில்லை. முதலில் அவளுக்குச் சந்தோஷமாம். பிறகு பயம் வந்துவிட்டதாம். என்னைக் கேட்காமலே காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

டாக்டர் உன் வயதுப் பெண். ஒரு தாள் கொடுத்தாள். ஏழு கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் காதில் அழுத்தம் உண்டா, வலி உண்டா, அடைப்பு, இரைச்சல், சளி பிடித்தால் தொந்தரவு என்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். ஒன்று என்றால் தொந்தரவே இல்லை. ஏழு என்றால் தாங்க முடியவில்லை. நான் பேனாவை எடுத்து ஏழு கேள்விக்கும் ஒழுங்காக ஒன்று ஒன்று என்று வட்டம் போட்டுக் கொடுத்தேன். நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் நலமா என்று கேட்டால் "நலம் சிஸ்டர், நன்றி" என்பதுதான் பதில். வேறு பதில் எனக்குப் பழக்கமில்லை.

பிறகு காதில் ஒரு கருவியை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றிப் பார்த்தாள். நல்ல காது என்றால் தாளில் மலைபோல் கோடு எழும்புமாம். எனக்கு மேசைபோல் தட்டையாக வந்தது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய் சரியாகத் திறக்காமல், உள்ளே நீர் கட்டியிருக்கிறது என்றாள். இரண்டு தாளையும் என் முன்னால் வைத்து, "இதுல எது பொய் சொல்லுதும்மா?" என்று கேட்டாள். என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

அதோடு விட்டாளா? புதிய தாளை, கூட வந்திருந்த அத்தையிடம் நீட்டினாள். அத்தை மொத்தம் நாற்பது போட்டாள். கேட்பது மந்தமாக இருக்கிறதா என்ற கடைசிக் கேள்விக்கு ஏழு. ஏழா என்று நான் முறைத்தேன். "ரெண்டு மாசமா நீங்க என்னைத் திட்டலை அண்ணி. எட்டு இருந்தா எட்டே போட்டிருப்பேன்" என்றாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் வாதாடி முப்பத்தொன்றுக்குக் கொண்டுவந்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், அத்தை போட்டதுதான் சரி.

இப்போது மூக்குக்கு மருந்து அடிக்கிறேன். டாக்டர் காட்டித் தந்தபடி தினம் மூன்று வேளை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுகிறேன். அத்தை அந்த நேரத்துக்கு மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறாள். ஆறு வாரம் கழித்து மறுபடி அதே தாள், அதே கருவி. கோடு எழும்பினால் விமானம் ஏறலாம் என்கிறாள் டாக்டர். உனக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. இந்த முறை தேதியை நான் குறிக்க மாட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் ஒரே கேள்வி, என் கையெழுத்தில்: அம்மா பக்கத்தில் இல்லாதது எவ்வளவு சிரமம்? கீழே ஒன்று முதல் ஏழு வரை எழுதியிருக்கிறேன். வட்டமிட்டு அனுப்பு. நீ என் மகள். என்னைப்போல் யோசிக்காமல் 'ஒன்று' என்பதை வட்டமிட்டுவிடாதே.

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா